ஏஏ கூட்டம்: யார் போகலாம், உள்ளே என்ன நடக்கும்?

‘குடியை விடணும், ஆனா ஆபீஸ்ல யாருக்கும் தெரியக் கூடாது’ - பலரையும் தடுப்பது இந்தத் தயக்கம்தான். 1935-ல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’, சுருக்கமாக ஏஏ, இதற்குப் பெயரிலேயே பதில் வைத்திருக்கிறது: இங்கே வருபவரின் அடையாளம் வெளியே போகாது.

யார் சேரலாம்? குடியை நிறுத்த விருப்பம் இருந்தால் போதும். கட்டணம் கிடையாது. பேசப் பிடிக்கலையா? சும்மா உட்கார்ந்து கேட்கலாம். ‘க்ளோஸ்டு’ கூட்டம் குடிப்பழக்கத்தை விட நினைப்பவர்களுக்கு மட்டும். ‘ஓப்பன்’ கூட்டத்துக்குக் குடும்பத்தினரும் வரலாம். குடும்பத்தினருக்கென்றே ‘அல்-அனான்’ குழுக்களும் உண்டு.

எப்படித் தேடுவது? ஏஏ-வின் இந்திய இணையதளத்தில் உங்கள் ஊரைத் தேடிப் பாருங்கள். கூட்டம் சர்ச் வளாகத்தில் நடந்தாலும், ஏஏ எந்த மதத்தையும் சார்ந்ததல்ல. போதை மீட்பு மையங்கள் பற்றி அறிய, மத்திய அரசின் இலவச எண் 14446.

ஒரு எச்சரிக்கை. தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஏஏ மருத்துவ சிகிச்சை தருவதில்லை. எனவே, முதலில் டாக்டரைப் பாருங்க. உடம்பு தேறியபின் மறுபடியும் குடிக்காமல் இருக்கத்தான் கூட்டத்தின் துணை.