சுவர் எழுப்பும் வேளை



காசநோய் என்றாலே குடும்பம் முழுவதும் நிலைகுலைந்து போன காலம் ஒன்று உண்டு. 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்திலுள்ள ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் செல்மன் வாக்ஸ்மனின் மாணவரான ஆல்பர்ட் ஷாட்ஸ், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்தைக் கண்டறிந்தார். காசநோயை எதிர்த்து வென்ற முதல் ஆன்டிபயாடிக் அதுவே. மருந்தின் பெயரைப் பலரும் அறிவர். அதனை ஈந்த உயிரின் பெயரை அறிந்தோர் சிலரே. ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்பது அதன் பெயர். இம்மாதம் அதன் இல்லத்துக்குள் சற்று எட்டிப் பார்ப்போம்.

பாக்டீரியா என்றதும் நம் நினைவுக்கு வருவது யாது? ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். நம் குடலில் வாழும் ஈ.கோலை என்னும் பாக்டீரியா, தக்க உணவு கிடைத்தால் 20 நிமிடங்களுக்கு ஒரு முறை இரண்டாகப் பிரிந்துவிடும். ஸ்ட்ரெப்டோமைசிஸின் போக்கோ முற்றிலும் வேறு. அது நுனியில் நீண்டு, கிளை விட்டு, இழை இழையாக மண்ணுக்குள் படர்கிறது. இழையினுள்ளே குறுக்குச் சுவர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே காணப்படும். ஒவ்வோர் அறையிலும் மரபுச் செய்தியைத் தாங்கிய குரோமோசோம்கள் பல இருக்கும். ஆயினும் அறைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிச் செல்வதில்லை. பாகம் பிரிக்காத கூட்டுக் குடும்பம் என்றே இதனைக் கூறலாம்.

உயிரணு பிரிவதற்கு இன்றியமையாத புரதம் ஒன்று உண்டு. எஃப்.டி.எஸ்.இசட் என்பது அதன் சுருக்கப் பெயர். உயிரணுவின் நடுவே அது மோதிரம்போல் வளையமிட்டு நிற்கும். அவ்வளையம் இருக்கும் இடத்திலேயே சுவர் எழும். ஈ.கோலையில் இப்புரதம் இல்லையெனில் பிரிதல் நின்று, அவ்வுயிர் நீண்டு நீண்டு இறுதியில் மாண்டுபோகும்.

ஆனால், 1994இல் வெளியான ஓர் ஆய்வு அறிஞர்களை வியப்பில் ஆழ்த்தியது. ஸ்ட்ரெப்டோமைசிஸிலிருந்து இப்புரதத்துக்குரிய மரபணுவை அறவே நீக்கிய பின்னரும் அது மடியவில்லை! சுவரே இல்லாத இழைகளாக வளர்ந்தது. காற்றை நோக்கித் தண்டுகளையும் எழுப்பியது. ஒன்றுதான் அதனால் இயலவில்லை. அடுத்த தலைமுறைக்கான வித்துகளை அதனால் உண்டாக்க முடியவில்லை. வாழ்வதற்குச் சுவர் தேவையில்லை. வித்துகளைப் பிரித்து அனுப்புவதற்கே சுவர் தேவை என்பது இதனால் புலனாயிற்று.

அவ்வாறாயின், சுவர் எழுப்பும் வேளையை அறிவிப்பவர் யார்? இதற்கு விடை காண, கோணலாக வளர்ந்த வகைகளையே அறிஞர்கள் ஆராய்ந்தனர். சில வகைகளில் பஞ்சு போன்ற மேல் இழைகள் எழவே இல்லை. அவற்றை 'வழுக்கை' என்றழைத்தனர். வேறு சிலவற்றில் இழைகள் எழுந்தும், முதிர்ந்த வித்துக்குரிய சாம்பல் நிறம் வரவில்லை. அவற்றை 'வெள்ளை' என்றனர். பி.எல்.டி. என்றும் டபிள்யூ.எச்.ஐ. என்றும் தொடங்கும் புரதப் பெயர்கள் யாவும் வழுக்கை, வெள்ளை என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களிலிருந்து பிறந்தவையே!

பி.எல்.டி.டி. என்பது இக்குடும்பத்தின் காவலர். சைக்ளிக் டை-ஜி.எம்.பி. என்னும் சிறு மூலக்கூறு மிகுந்திருக்கும்போது, அதன் நான்கு துகள்கள் பசைபோல் நின்று பி.எல்.டி.டி. புரதங்கள் இரண்டை இணைக்கின்றன. இணைந்த காவலர் மரபணுக்களின்மேல் அமர்ந்து, வித்து உண்டாக்கும் வேலையைத் தடுத்துவிடுகிறார். இவ்வுண்மை 2014இல் வெளிப்பட்டது. அம்மூலக்கூறு குறைந்தால் இணைப்பு அறும், தடை நீங்கும். பின்னர் டபிள்யூ.எச்.ஐ.ஏ., டபிள்யூ.எச்.ஐ.பி. என்னும் இரு புரதங்களும் கைகோத்துச் சுவர் வேலைக்கான மரபணுக்களைத் தூண்டுகின்றன.

அதன் பின் நிகழ்வது காண்பதற்கரிய காட்சியாகும். எஸ்.எஸ்.ஜி.பி. என்னும் புரதம் முதலில் சென்று, சுவர் எழ வேண்டிய இடங்களில் அடையாளமிட்டு நிற்கிறது. வளையப் புரதத்தை அங்கே அழைப்பதும் அதுவே என 2011இல் நெதர்லாந்து அறிஞர்கள் கண்டறிந்தனர். பிற புரதங்கள் வளையம் குலையாமல் தாங்கிக் கொள்கின்றன. ஏணியின் படிகள்போல், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியில், பல பத்து வளையங்கள் ஒரே வேளையில் தோன்றுகின்றன. அதே நேரத்தில் வேறு புரதங்கள் அறைக்கு ஒன்றாகக் குரோமோசோம்களைப் பங்கிடுகின்றன. பங்கு கிடைக்காத வித்து முளைக்காது. ஆகவே இப்பாகப்பிரிவினையில் எவருக்கும் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

மழை பெய்ததும் எழும் மண்வாசனையிலும் இவ்வுயிருக்குப் பங்குண்டு. ஜியோஸ்மின் என்னும் மணப்பொருளை உண்டாக்கும் மரபணுவும் வித்துப் புரதங்களின் ஆணைக்கு உட்பட்டதே. அம்மணத்தை நாடி வரும் நுண்ணிய ஆறுகால் பிராணிகள் இழைகளை உண்டு, வித்துகளைச் சுமந்து சென்று பரப்புவதாக 2020இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

இவற்றால் நமக்கென்ன பயன் என்று கேட்பீர்கள். ஸ்ட்ரெப்டோமைசிஸ் பெரும்பாலும் இம்மாற்றத்தின் தறுவாயில்தான் ஆன்டிபயாடிக்குகளைச் சுரக்கிறது. வித்தைத் தடுக்கும் காவலரின் ஆணை, மருந்து உண்டாக்கும் மரபணுக்கள் சிலவற்றின்மீதும் செல்கிறது. ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலர் என்னும் இனத்தின் மரபணுத் தொகுதி 2002இல் முழுமையாக வாசிக்கப்பட்டபோது, இத்தகைய பொருள்களை உண்டாக்கவல்ல 20க்கும் மேற்பட்ட மரபணுக் கூட்டங்கள் அதில் இருப்பது தெரியவந்தது. அவற்றுள் பல அதுவரை எவரும் அறியாதவை. ஆய்வுக்கூடத்தில் உறங்கிக் கிடப்பவை. அவற்றை எழுப்பும் திறவுகோலைத் தேடியே அறிஞர்கள் இப்புரதங்களை ஆராய்கின்றனர்.

அத்தேடலின் அவசரத்தை நாம் உணர்தல் வேண்டும். ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் கொடுத்தால், காசநோய்க் கிருமி அதற்கு அடங்காமல் தேறிவிடும் என்பது 1948இல் பிரிட்டனில் வெளியான ஆய்விலேயே காணப்பட்டது. அதனாலேயே காசநோய்க்குப் பல மருந்துகளைச் சேர்த்து, மாதக்கணக்கில் கொடுக்கின்றனர். இருமல் நின்றுவிட்டது, உடம்பு தேறிவிட்டது என்று இடையில் நிறுத்துவோர், எஞ்சிய கிருமிகளுக்குப் பயிற்சி அளிப்பவராகின்றனர். அக்கிருமி அவருடன் நில்லாது. அதே வீட்டில் உறங்கும் குழந்தையையும் பற்றும்.

எனவே, அன்பர்களே! தங்கள் இல்லத்தில் எவரேனும் காசநோய்க்கு மருந்து உண்பவராயின், மருத்துவர் குறித்த இறுதி நாள்வரை உண்ணச் செய்யுங்கள். சாதாரணச் சளிக்கும் காய்ச்சலுக்கும் மருத்துவரைக் கேளாமல் ஆன்டிபயாடிக் வாங்கி உண்பதைத் தவிருங்கள். புதிய மருந்தொன்றை மண்ணிலிருந்து பெறுவதற்கு எத்தனை ஆண்டுகள் ஆகுமோ! கையிலுள்ளதைக் காத்துக்கொள்வது நம் பொறுப்பு.