குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா? – பதின்வயதினரின் இருதுருவ மனநிலைக் கோளாறு பற்றி எமது நிலைப்பாடு

உயர்தரம் படிக்கும் பிள்ளை சோர்ந்து கிடக்கிறது என்று கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ பேராதனை போதனா வைத்தியசாலைக்கோ கூட்டி வரும் பெற்றோரிடம் மருத்துவர் கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா? “அப்படி ஒருத்தருக்கும் இல்லை, டொக்டர்” என்று பதில் வரும். கலஹாவிலோ புசல்லாவையிலோ லயத்துக்குத் திரும்பியதும் பாட்டி வாய் திறப்பார். சித்தப்பா ஒரு தடவை மூன்று இரவு கண் மூடாமல் லயத்துச் சுவர் முழுக்க வெள்ளையடித்தார், கடன் வாங்கி எல்லாருக்கும் சோறு போட்டார், பிறகு மாதக்கணக்கில் படுக்கையை விட்டு எழவில்லை. இந்தக் கதை கிளினிக்குக்குப் போய்ச் சேர்வதே இல்லை.

பைபோலர் என்று சொல்லப்படும் இருதுருவ மனநிலைக் கோளாறு பெரும்பாலும் பதின்வயதின் பிற்பகுதியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் தலைகாட்டுகிறது. அதன் ஆபத்துக் காரணிகளில் மிக வலுவானது குடும்ப வரலாறு. பொதுவாக 100 பேரில் ஒருவர் இருவருக்கு வரும் நோய், தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் பிள்ளைகளில் 100 பேரில் ஏறத்தாழ 10 பேருக்கு வரலாம். மற்ற 90 பேருக்கு வருவதில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். கல்யாணப் பேச்சு குழம்பிவிடும், அக்காவின் சம்பந்தம் தட்டிப்போகும் என்ற பயத்தில்தான் வீடுகள் வாயை மூடிக்கொள்கின்றன. பயம் புரிகிறது. ஆனால் அதற்கான விலையைப் பிள்ளைதான் கொடுக்கிறது.

காரணம் இதுதான். இந்த நோய் இளவயதில் பல வேளைகளில் மனச்சோர்வாகவே முதலில் வரும். பரம்பரைச் சங்கதி தெரியாத மருத்துவர் சாதாரண மனச்சோர்வுக்குரிய குளிசையை மட்டும் எழுதினால், சிலருக்கு அதுவே மனத்தை மறுகோடிக்குத் தூக்கிவிடக்கூடும்: தூக்கமே தேவைப்படாத துடிப்பு, நிற்காத பேச்சு, எல்லை மீறிய தன்னம்பிக்கை. சித்தப்பாவின் கதை தெரிந்திருந்தால் மருந்துத் தெரிவும் கண்காணிப்பும் வேறாக இருந்திருக்கும். ஆகவே குடும்ப வரலாற்றை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வது பெற்றோரின் கடமை என்பதே எமது நிலைப்பாடு. அதை வெளியே விடாமல் காப்பது கிளினிக்கின் கடமை. பதிவேட்டை எல்லார் முன்னும் உரக்க வாசிக்கும் பழக்கம் உள்ள இடத்தில் எந்தத் தாயும் உண்மை பேசமாட்டார்.

அடுத்தது தூக்கம். பரீட்சை இந்த நோயை உண்டாக்குவதில்லை. “படிச்சுப் படிச்சு மூளை குழம்பிட்டுது” என்பது வெறும் ஊர்ப்பேச்சு. ஆனால் நோய் வரும் வாய்ப்பு உள்ள பிள்ளைக்கு இரவுகளைத் தொலைப்பது வலுவான தூண்டுகோல். விடிய முன் பஸ் ஏறி கண்டி டவுனுக்கு ரியூஷன் வந்து, இரவு பிளேன்டீயைக் குடித்துக் குடித்து விழித்திருக்கும் பிள்ளைகளை நாம் கெட்டிக்காரர் என்று பாராட்டுகிறோம். விடியற்கால வகுப்புகளையும் இரவு வகுப்புகளையும் கட்டுப்படுத்தச் சொல்லிக் கேட்பதில் எமக்குத் தயக்கமில்லை.

கஞ்சா, ஐஸ் போதைப்பொருள் இரண்டையும் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை. இரண்டும் நோயைத் தூண்டும், மோசமாக்கும். ஆனால் பிடிபட்ட மாணவனைப் பாடசாலையிலிருந்து விரட்டுவதோடு காரியம் முடிந்ததென்று இருக்கக்கூடாது. அவன் தூக்கத்தையும் மனநிலையையும் ஒருவர் பார்த்தாக வேண்டும். சிறுவயதில் பட்ட அடியும் பாலியல் துன்புறுத்தலும் கைவிடப்படுவதும் ஆபத்தைக் கூட்டுகின்றன. அதற்காக, தாய் மத்திய கிழக்கில் வேலை செய்கிறார் என்ற ஒரே காரணத்தால் ஒரு பிள்ளையைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பதை நாங்கள் ஏற்கமாட்டோம்.

தோட்டங்களில் மிகைத் துடிப்பு வந்தால் சாமி வந்திருக்கிறது என்பார்கள், சோர்வு வந்தால் செய்வினை என்பார்கள். கோயிலுக்குப் போகட்டும், நேர்த்தி வைக்கட்டும். கிளினிக்குக்குப் பதிலாகப் போவதைத்தான் எதிர்க்கிறோம். இந்த நோய்க்கு லித்தியம் என்ற மருந்தை எடுப்பவருக்குக் காலத்துக்குக் காலம் இரத்தப் பரிசோதனை தேவை. அதற்காக ஒரு நாள் சம்பளத்தை இழந்து நகரத்துக்கு வரும் தாயை “பொறுப்பில்லாதவர்” என்று கடிந்துகொள்வதை விட, நாவலப்பிட்டி, தெல்தெனிய போன்ற இடங்களில் தமிழ் பேசும் உளநல ஊழியரோடு அந்தச் சேவையைக் கிடைக்கச் செய்வதே முறை.

பாடசாலைகளிடம் ஒன்றே ஒன்று கேட்கிறோம். சிகிச்சைக்காக வராமல் இருந்த நாட்களுக்கு மருத்துவச் சான்றை ஏற்றுக்கொண்டு, வரவு போதாது என்று பரீட்சை விண்ணப்பத்தைத் தடுக்காதீர்கள். பிள்ளை தன் உயிரை மாய்ப்பது பற்றிப் பேசினால் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள், அல்லது தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள்.