நாய்க்கு ஊசி போட்டால் ஓநாயும் பிழைக்கும்!



'ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்' என்று ஒரு பழமொழி உண்டு. இன்று அந்த ஓநாய்க்காக நாம் கொஞ்சம் கவலைப்படுவோம், வாருங்கள்.

நான் செஞ்சிக்காரன். ராஜகிரி மலைக்கோட்டைப் பக்கம்தான் எங்கள் வீடு. நான் வாத்தியாராக இருந்த காலத்தில் 'மணி' என்று ஒரு நாய் வளர்த்தேன். ஒருநாள் அவனுக்கு மூக்கில் சளி, கண்ணில் பீளை. நாலைந்து நாளில் வலிப்பும் வந்தது. கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, "இது டிஸ்டம்பர். தடுப்பூசி போட்டீர்களா சார்?" என்று கேட்டார். நான் தலைகுனிந்தேன். மணி பிழைக்கவில்லை.

அதைவிடப் பெரிய தவறு ஒன்றும் செய்திருந்தேன். நோயோடு இருந்தவனைக் கட்டிப் போடாமல் விட்டிருந்தேன். அவன் கோட்டைப் பக்கம் சுற்றினான். சுனைத் தண்ணீரைக் குடித்தான். அங்கே நரிகளும் வரும். அவற்றுக்கு என்ன ஆயிற்றோ! நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது.

டிஸ்டம்பர் வைரஸ், நமக்குத் தட்டம்மை தரும் வைரஸுக்கு நெருங்கிய சொந்தம். இருமல், சளி, எச்சில் மூலம் பரவும். நமக்கு வராது. ஆனால் நாயிடமிருந்து நரி, ஓநாய், செந்நாய், ஏன், சிங்கத்துக்கும்கூடத் தாவும்!

1994இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டி காட்டில் சுமார் 1,000 சிங்கங்கள் இதனால் இறந்தன. 2018இல் நம் நாட்டின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் 23 சிங்கங்கள் இறந்தன. அவற்றில் சிலவற்றின் உடலில் இந்த வைரஸ் இருப்பதைப் புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம் கண்டுபிடித்தது. அமெரிக்காவிலிருந்து அவசரமாகத் தடுப்பு மருந்து வரவழைத்துப் போட்டார்கள்.

எத்தியோப்பிய ஓநாய்களின் கதை இன்னும் பரிதாபம். உலகத்திலேயே அவை 500க்கும் குறைவாகத்தான் இருக்கின்றன. பேல் மலைகளில் ஆடு மாடு மேய்ப்பவர்களின் நாய்களிடமிருந்து முதலில் ரேபிஸ் என்ற வெறிநோய், பிறகு டிஸ்டம்பர் என்று மாறி மாறித் தாக்கின. அங்குள்ளவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நாய்களை அடித்துக் கொல்லவில்லை. சுற்றுக் கிராமத்து நாய்களுக்குத் தடுப்பூசி போட்டார்கள். 2018 முதல், ரேபிஸ் தடுப்பு மருந்தை இறைச்சித் துண்டுக்குள் வைத்து ஓநாய்களுக்கும் கொடுக்கிறார்கள்!

நம் ஊரிலும் சிலர், "தெரு நாய்களை ஒழித்துக்கட்ட வேண்டும்" என்கிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. நோயை நாய் கேட்டு வாங்கவில்லை. ஊசி போடாதது யார் குற்றம்? வளர்க்கிறவன் குற்றம். என் குற்றமும்தான்.

நம் செஞ்சிக் கோட்டையை 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நமக்கெல்லாம் பெருமைதான். கோட்டை என்றால் கல்லும் மதிலும் மட்டும்தானா? அந்த மலையில் வாழும் உயிர்களும் சேர்ந்ததுதானே!

ஆகவே குழந்தைகளே, வீட்டில் நாய் இருந்தால் ரேபிஸ், டிஸ்டம்பர் இரண்டுக்கும் தடுப்பூசி போடச் சொல்லி அப்பாவிடம் அடம்பிடியுங்கள். நோய் கண்ட நாயை வெளியே விடாதீர்கள். கோட்டைக்குச் சுற்றுலா வந்தால், சாப்பிட்ட மிச்சத்தை அங்கே கொட்டாதீர்கள். அதைத் தேடி நாயும் வரும், நரியும் வரும், நோயும் கைமாறும்.

இன்னொன்று: நாய் கடித்தால் மறைக்காதீர்கள். உடனே சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, பெரியவர்களோடு அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். அங்கே ஊசி இலவசம்.

நான் செய்யத் தவறியதை நீங்கள் செய்வீர்கள்தானே?