ஸ்டெம் செல்: பில் போட்டால் அது ஆராய்ச்சி இல்லை!

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்கு முண்டியம்பாக்கம் தெரியும். சர்க்கரை ஆலை ஒன்று, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்று (2010ல் வந்தது). கை நடுக்கத்தோடு இப்படி ஓர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகும் பெரியவருக்கு, அது பார்க்கின்சன் என்று தெரிந்தால், மாத்திரை எழுதித் தருவார்கள். லெவோடோபா. 1960களில் வந்த மருந்து, இன்றைக்கும் அதுதான் முதல் மருந்து. நோயைக் குணப்படுத்தாது, நடுக்கத்தையும் விறைப்பையும் குறைக்கும்.

அதே பெரியவரின் மகன் செல்போனில் தேடினால் வேறு உலகம் திறக்கும். "ஸ்டெம் செல் மூலம் தீர்வு". நடக்க முடியாதவர் நடக்கிற வீடியோ. கீழே ஒரு போன் நம்பர். ஒரு காணி நிலம் விலை பேசப்படுவது இந்த இடத்தில்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பார்க்கின்சனில் மூளையில் டோபமின் சுரக்கும் செல்கள் செத்துப்போகின்றன. செத்ததற்குப் பதில் புதுசு வைத்தால் என்ன? நல்ல கேள்விதான். 1987லேயே ஸ்வீடனின் லுண்ட் நகரில் கருவின் மூளைச் செல்களை எடுத்து நோயாளிகளுக்கு வைத்துப் பார்த்தார்கள். சிலருக்கு நன்றாகவே பலன். பிறகு அமெரிக்காவில் 40 பேரை வைத்து முறையான ஆய்வு செய்தார்கள். பாதிப் பேருக்கு நிஜ அறுவை, மீதிப் பேருக்கு மண்டையில் துளை மட்டும், செல் கிடையாது. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. 2001ல் முடிவு வந்தது. நோயாளிகள் தங்கள் நிலையைத் தாங்களே மதிப்பிட்டதில் இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசமில்லை. செல் பெற்ற 33 பேரில் (துளை மட்டும் போட்டவர்களில் சிலருக்கும் பின்னால் செல் வைத்தார்கள்) 5 பேருக்குக் கட்டுப்படுத்த முடியாத அசைவுகள் வேறு வந்து சேர்ந்தன.

இதைவிட முக்கியமான சமாச்சாரம் 2004ல் வந்தது. அதே ஆய்வில், தனக்குச் செல் வைத்திருக்கிறார்கள் என்று நம்பியவர்கள் வாழ்க்கை மேம்பட்டதாகச் சொன்னார்கள். உண்மையில் வைத்தார்களா இல்லையா என்பது அதில் பெரிதாகக் கணக்கில் வரவில்லை! இப்போது அந்த வீடியோவை இன்னொரு முறை பாருங்கள். நிலத்தை விற்றுவிட்டு வந்தவர் "நல்லா இருக்கு டாக்டர்" என்று சொல்லாமல் வேறென்ன சொல்வார்? அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது சாட்சியும் இல்லை.

நம் ஊர்ப் பக்கத்துக் கதையும் உண்டு. பெங்களூரில் டாக்டர் வெங்கடரமணா குழு 7 பேருக்கு அவரவர் எலும்பு மஜ்ஜை செல்களையே மூளையில் செலுத்தி 2010ல் கட்டுரை வெளியிட்டது. 3 பேருக்குத் தொடர்ந்த முன்னேற்றம். ஆனால் ஆள் குறைவு, ஒப்பிட வேறு குழு இல்லை, எனவே பலன் நிரூபணமாகவில்லை என்று அவர்களே எழுதினார்கள். அது நேர்மை. விளம்பரக்காரர்கள் அந்த வரியை மட்டும் படிப்பதே இல்லை.

கியோட்டோவில் செய்தது வேறு சரக்கு. ஐ.பி.எஸ். செல்லிலிருந்து டோபமின் செல்லாக மாறுகிற முன்னோடிச் செல்களை வளர்த்து 7 பேருக்கு வைத்து, 2025 ஏப்ரலில் நேச்சர் இதழில் முடிவைச் சொன்னார்கள். மருந்தின் வேகம் இல்லாத நேரத்தில் 6 பேரைச் சோதித்ததில் 4 பேருக்கு அசைவு மேம்பட்டிருந்தது. நம்பிக்கை தரும் சேதி. ஆனால் மஜ்ஜையில் எடுத்ததை முதுகுத்தண்டில் ஊசி போடுகிறவர் இந்தச் செய்தியைத் தன் சுவரில் ஒட்டிவைத்தால் அதற்குப் பெயர் என்ன? பி.காம். பாடத்தில் 'பாசிங் ஆஃப்' என்று ஒன்று வரும். அடுத்தவன் பெயரில் தன் சரக்கை விற்பது. கம்பெனிக்குக் கம்பெனி செய்தால் கோர்ட்டுக்குப் போவார்கள். நோயாளிக்காக யார் போவது?

சட்டம் இல்லாமல் இல்லை. ஸ்டெம் செல் பற்றிய 2007ம் வருட வழிகாட்டுதலின் தலைப்பில் 'ஆராய்ச்சி மற்றும் சிகிச்சை' என்று இருந்தது. 2013ல் திருத்தியபோது 'சிகிச்சை'யை வேண்டுமென்றே எடுத்துவிட்டார்கள். சில ரத்த நோய்கள் போன்ற ஏற்கப்பட்டவை தவிர மற்றதெல்லாம் பதிவு செய்த ஆய்வுக்குள் மட்டுமே என்பது 2017 வழிகாட்டுதல். ஆய்வுக்கான செலவை அதில் சேர்ந்தவர் தலையில் கட்டக்கூடாது என்பதும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறி. மூளை நோயைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்யக்கூடாது என்று 1954லேயே சட்டம் இருக்கிறது (அட்டவணையை எத்தனை பேர் படித்தார்களோ).

"சாகப் போகிறவன் காசு, அவன் உரிமை, உனக்கென்ன?" என்று கேட்பார்கள். கணக்கைப் பாருங்கள். புதுப் பொருளைப் பரிசோதிக்க முதல் போடுகிறவன் முதலாளி. நஷ்டம் அவனுக்கு, ஜெயித்தால் லாபமும் அவனுக்கு. இங்கே முதலும் நோயாளியுடையது, நஷ்டமும் அவருடையது, உடம்பும் அவருடையது. லாபம் மட்டும் வேறொருவருக்கு. இப்படி ஒரு பங்குதாரர் ஒப்பந்தத்தில் எந்தக் கடைக்காரராவது கையெழுத்துப் போடுவாரா? உரிமை என்று பேசுகிறவர்கள் அந்த நோயாளிக்குக் குறைந்தபட்சம் ஆய்வு முடிவையாவது காட்டட்டும்.

அதனால் யார் வீட்டிலாவது நிலப் பத்திரம் பீரோவிலிருந்து வெளியே வந்திருந்தால், முதலில் சி.டி.ஆர்.ஐ. பதிவு எண்ணைக் கேளுங்கள். 2009 ஜூனிலிருந்து இந்தியாவில் எந்த மருந்து ஆய்வானாலும் அங்கே பதிய வேண்டும், யார் வேண்டுமானாலும் இணையத்தில் சும்மாவே பார்க்கலாம். எண் இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். எண்ணும் தந்து பில்லும் நீட்டினால், அந்த பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், நுகர்வோர் கோர்ட்டில் கேட்பார்கள்.