பறை மேடையேறிவிட்டது, பறையடித்தவர்?

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் நெடுஞ்சாலையில், மொரட்டாண்டி சுங்கச்சாவடி பக்கம் கிழக்கே திரும்பினால் ஆரோவில். விழுப்புரம் மாவட்டத்துக்குள் இருக்கும் அந்த நகரத்தில் டாங்கோ ஆடுகிறார்கள். கள ஆய்வுக்காக அந்தப் பக்கம் போயிருந்த ஒரு மாலையில்தான் அதை முதன்முதலாக நேரில் பார்த்தேன். அழகான ஆட்டம். பக்கத்தில் நின்றிருந்தவர், "ஐரோப்பியப் பாரம்பரியம்" என்று பெருமையாகச் சொன்னார். அந்த ஒரு சொல் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

டாங்கோ ஐரோப்பிய அரண்மனையில் பிறந்ததல்ல. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புவனோஸ் அயர்ஸ், மொண்டேவீடியோ ஆகிய துறைமுக நகரங்களின் ஒண்டுக்குடித்தனங்களில் பிறந்தது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்களும், இத்தாலி, ஸ்பெயினிலிருந்து பிழைக்க வந்த கூலிகளும் சேர்ந்து உருவாக்கியது. இந்த நடனத்துக்கு முன்பே 'டாங்கோ' என்ற சொல் அங்கே இருந்தது. கறுப்பின மக்கள் கூடிப் பறைகொட்டி ஆடும் கூட்டத்தையும், ஆடும் இடத்தையும் அப்படி அழைத்தார்கள். 'கண்டோம்பே' என்ற அவர்களுடைய தோல்கருவி இசையின் தாளம் டாங்கோவுக்குள் ஓடுகிறது. தொடக்க கால டாங்கோக்களில் புகழ்பெற்ற 'எல் என்ட்ரேரியானோ'வை 1897இல் இசையமைத்த ரோசெண்டோ மெண்டிசாபல் ஒரு கறுப்பினப் பியானோ கலைஞர்.

உள்ளூர்ப் பணக்காரர்கள் இதை விபச்சார விடுதி ஆட்டம் என்று ஒதுக்கினார்கள். 1913 வாக்கில் பாரிஸ் நகரம் டாங்கோ பித்துப் பிடித்து ஆடியது. சீருடையில் டாங்கோ ஆடக் கூடாது என்று ஜெர்மன் பேரரசர் தன் படை அதிகாரிகளுக்குத் தடை போடும் அளவுக்கு அது பரவியது. பாரிஸ் கைதட்டிய பிறகுதான் புவனோஸ் அயர்ஸ் மாளிகைகள் கதவைத் திறந்தன. சேரி ஆட்டம் தேச அடையாளமானது. 2009இல் அர்ஜென்டினாவும் உருகுவேயும் சேர்ந்து கேட்டு, யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பிடித்தார்கள்.

அதற்குள் அதை ஆக்கிய மக்கள் எங்கே போனார்கள்? 1838 கணக்கெடுப்பில் புவனோஸ் அயர்ஸ் மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் கறுப்பினத்தவர். 1887இல் 2 விழுக்காட்டுக்கும் கீழே. போர்களில் முன்வரிசையில் நிறுத்தப்பட்டுச் செத்தார்கள், 1871இன் மஞ்சள் காய்ச்சலில் செத்தார்கள், ஐரோப்பியக் குடியேற்ற வெள்ளத்தில் சிறுபான்மை ஆனார்கள். கணக்கெடுப்பவரின் பேனாவும் பலரை வேறு கட்டத்துக்கு மாற்றி எழுதியது. 'எங்கள் நாட்டில் கறுப்பர்களே இல்லை' என்று அர்ஜென்டினா நீண்ட காலம் சொல்லிக்கொண்டிருந்தது, டாங்கோ ஆடிக்கொண்டே.

நமக்கு இது புதிதல்ல. சதிர், பரதநாட்டியம் என்று பெயர் மாறி, 1930களில் சென்னைச் சபாக்களில் யார் கைக்குப் போனது என்பது ஊரறிந்த கதை. எனக்கு இப்போது கவலை பறையைப் பற்றி.

என் பெரியப்பா பறையடித்தவர். திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமம், பெயர் வேண்டாம். ஊர்த்தெருவில் யார் செத்தாலும் ஆள் வரும். நேரம் காலம் கிடையாது. வைக்கோல் கொளுத்தித் தோலைக் காய்ச்சி, பிணம் எடுக்கும்வரை அடிக்க வேண்டும். கூலி என்று ஒன்று பேச முடியாது. கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். நான் பத்தாவது படித்தபோது அவரும் இன்னும் நான்கு பேரும் 'இனி அடிக்க மாட்டோம்' என்று சொன்னார்கள். அந்தப் பருவம் முழுக்க எங்கள் தெருவில் யாருக்கும் நடவு வேலை கிடைக்கவில்லை. பெரியப்பா பறையைப் பரணில் போட்டவர்தான், இன்றுவரை எடுக்கவில்லை.

போன ஆண்டு ஒரு கல்லூரி விழாவுக்கு அவரை அழைத்துப்போனேன். கறுப்புச் சட்டை போட்ட பிள்ளைகள், பாதிப் பேர் பெண்கள், வட்டமாக நின்று அடித்தார்கள். அடவு சுத்தம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியப்பா வெளியே வந்து சொன்னார்: "நல்லாத்தான் அடிக்கிறாங்கடா. ஆனா இவங்கள யாரும் ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து கதவத் தட்டி எழுப்ப மாட்டாங்க இல்ல?"

மேடைப் பறையை நான் குறைத்துப் பேசவில்லை. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைக் கையில் எடுத்தது சாதிக்கும் ஆணுக்கும் ஒரே நேரத்தில் கொடுத்த அடி. 2018இல் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியபோது கானாவும் சட்டியும் பறையும் அம்பேத்கரைப் பேசின. 2025இல் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது நானும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். இழிவென்று சுமத்தப்பட்டதை ஆயுதமாக்கியது இயக்கம்தான், பாரிஸ் அல்ல.

ஆனால் கூடவே இன்னொன்றும் நடக்கிறது. 'ஆதித் தமிழரின் இசை', 'தமிழர் பறை' என்று தொகுப்பாளர் அறிமுகம் செய்கிறார். சாதி என்ற சொல் அந்த அறிமுகத்தில் வருவதில்லை. எல்லோருடையது என்று சொல்லிவிட்டால், யார் தலையில் அது கட்டப்பட்டிருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. பேனாவால் மாற்றி எழுதிய அந்தக் கணக்கெடுப்பு வேலைதான் இதுவும். ஒரு வேறுபாடு உண்டு. நம் மக்கள் கணக்கிலிருந்து மறையவில்லை. அதே சேரியில், கதவைத் தட்டக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறார்கள். இதே விழுப்புரம் மாவட்டத்தில்தான் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித்துகள் போனார்கள் என்பதற்காக அடிதடி நடந்து, 2023 ஜூனில் கோயிலையே பூட்டி முத்திரை வைத்தார்கள். வரவேற்புக்குப் பறை வைக்கும் அரசு விழாக்களுக்கும் இங்கே குறைவில்லை.

'காலம் மாறும், கலை மேலே போனால் மக்களும் மேலே போவார்கள்' என்று நண்பர்கள் சொல்லும்போது டாங்கோவைக் காட்டத் தோன்றுகிறது. ஆட்டம் பாரிஸுக்குப் போய்த் திரும்பியது. ஆடியவர்களுக்குப் பயணச்சீட்டு கிடைக்கவில்லை.

ஆகவே பறை கற்றுக்கொள்ளும் தோழர்களிடம் இரண்டு கேட்கிறேன். உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் எந்தத் தெருவிலிருந்து வந்தார் என்பதை மேடையில் சொல்லுங்கள், அவருடைய கூலியை அவரே பேசட்டும். அடுத்தது இதைவிட முக்கியம். கட்டாய ஊழியம் வாங்குவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். உங்கள் ஊரில் யாராவது 'சாவுக்கு அடிக்க மாட்டேன்' என்று சொல்லி, அதற்காக வேலையும் கடைச் சரக்கும் மறுக்கப்பட்டால், காவல் நிலையத்துக்கு அவரோடு போக ஆள் வேண்டும். பெரியப்பா நின்ற அன்று, அந்த நான்கு பேரைத் தவிர, அவர் பக்கத்தில் ஒருவரும் இல்லை.