பாட்டைக் கூட்டாதேங்கோ, இரைச்சலைக் குறையுங்கோ

கீரிமலை, கசூரினா, குறிகட்டுவான் எண்டு ட்ரிப் போற பழைய ‘டொல்பின்’ வானுகளில ஒரு பழக்கம் இருக்கு. இஞ்சினும் றோட்டும் போடுற இரைச்சலை மறைக்கப் பாட்டைக் கூட்டுறது. எனக்கு இதில உடன்பாடில்லை. இரைச்சல் அப்பிடியே இருக்கும், அதுக்கு மேல இன்னொரு சத்தம் ஏறும். வெளியில வாறது மட்டும் கேக்காது.

எங்கட ஊரில வெளியில வாறது ரயிலாகவும் இருக்கலாம். 1990இல் நின்ற ரயில், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் திரும்பி வந்தது. கொக்குவில், இணுவில், சுன்னாகம் எண்டு வீடுகளுக்கு நடுவால போற பாதை அது. பாதுகாப்பற்ற கடவைகளில உயிர்கள் போயிருக்கு. அப்பிடியான இடத்தில சாரதிக்குக் கண்ணோட காதும் வேணும்.

அப்ப இரைச்சலை எப்பிடிக் குறைக்கிறது? முதலில அது எங்கயிருந்து வருது எண்டு கண்டுபிடிக்கோணும். வான் நிக்கேக்க இஞ்சினை முறுக்கினாலே இரைஞ்சால், அது இஞ்சின் பக்கம். ஓடேக்க மட்டும், வேகத்தோட ஏறினால் ரயர் அல்லது பெயாரிங். இந்த வானுகளில இஞ்சின் முன் சீற்றுக்குக் கீழதான் இருக்கு. அந்த மூடியைச் சுத்தியிருக்கிற றப்பர் காய்ஞ்சு போனால் சத்தமும் சூடும் நேரா உள்ளுக்கு வரும். கதவு பீடிங்கும் அப்பிடித்தான். சின்ன இடைவெளியே போதும், சத்தம் புகுந்திடும். நிலத்துக்குப் பாரமான றப்பர் விரிப்புப் போடுங்கோ. வெறும் ஸ்பொஞ்ச் தாழ்ந்த இரைச்சலைத் தடுக்காது. இஞ்சின் மூடிக்குள்ள தீப்பிடிக்கிற சாமான் ஒட்டவே வேண்டாம். சைலன்சர் குழாய் ஓட்டையெண்டால் உடன மாத்துங்கோ. அது சத்தம் மட்டுமில்லை, நச்சுப்புகையும்தான். வானுக்குள்ள படுக்கிற ஆக்களுக்கு இது உயிர்ப்பிரச்சினை. காசே செலவில்லாத வழி, வேகத்தைக் குறைக்கிறது.

ஒண்டு ஞாபகம் வையுங்கோ: நல்லா அடைச்ச வானுக்குள்ள ரயில் ஹோர்னும் குறைவாத்தான் கேக்கும். அதால கடவையில பாட்டை நிப்பாட்டி, கண்ணாடியை இறக்கி, ரெண்டு பக்கமும் பாத்துத்தான் தாண்டோணும்.

பெரிய ஸ்பீக்கர் பூட்டக் காசிருக்கிற வானுக்கு, றப்பர் பீடிங் மாத்தக் காசில்லை எண்டு சொல்லேலாது.