முன்சக்கரம் தூக்குதா? பழைய டிராக்டரின் டிராபாரை பலப்படுத்தும் முன் இதைக் கவனிங்க!

கரும்பு வெட்டு நேரத்தில் விழுப்புரம், கடலூர் பக்கம் பஸ்ஸில் போனவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். மலைபோல் கரும்பு ஏற்றிய டிரெய்லர். அதை இழுக்கும் டிராக்டருக்கு எப்படியும் முப்பது வயதிருக்கும். மேடு வந்ததும் அதன் முன்சக்கரங்கள் தரையை விட்டு ஒரு சாண் எழும்பும். இரண்டு பேர் ஓடிப்போய் முன்பக்கம் ஏறி உட்காருவார்கள். சக்கரம் இறங்கும், வண்டி நகரும். பார்க்கிறவர்கள் மொபைலை எடுப்பார்கள்.

சீசன் தொடங்கும் முன்பே வெல்டிங் பட்டறைகளில் ஒரு குரல் கேட்க ஆரம்பித்துவிடும். "அண்ணே, போன வருஷம் டிராபார் வளைஞ்சிடுச்சு. இந்தத் தடவை கனமா ஒரு பட்டை வெச்சு அடிச்சுக் குடுங்க. அப்படியே கொஞ்சம் மேல தூக்கி வெச்சிடுங்க, டிரெய்லர் மாட்ட சுலபமா இருக்கும்."

டிராபார் என்பது டிராக்டரின் பின்னால், டிரெய்லரை மாட்டுகிற இரும்புப் பட்டை. 'கனமா ஒரு பட்டை' என்பதில் தப்பில்லை. ஆபத்து அந்த இரண்டாவது வரியில், 'கொஞ்சம் மேல' என்பதில் இருக்கிறது.

கணக்கு ரொம்பச் சின்னது

ஒரு டிராக்டரின் எடை 1,800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 600 கிலோ, முன்சக்கரத்தின் மேல் இருக்கிறது. முன், பின் சக்கரங்களுக்கு இடையே 180 சென்டிமீட்டர் தூரம். டிரெய்லர் 1,000 கிலோ விசையோடு பின்னால் இழுக்கிறது.

கொக்கி தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் இருந்தால், முன்சக்கரத்திலிருந்து 250 கிலோ குறையும். மீதி 350 கிலோ. ஸ்டீயரிங் பேச்சைக் கேட்கும். அதே கொக்கியை 90 செ.மீ.க்கு ஏற்றினால் 500 கிலோ குறைந்துவிடும். முன்னால் மிஞ்சுவது வெறும் 100 கிலோ. கொஞ்சம் மேடு, படக்கென்று விட்ட கிளட்ச், அவ்வளவுதான். அந்த நூறும் போய்விடும்.

இது சமதளத்துக் கணக்கு. இரண்டு சக்கர டிரெய்லர் என்றால் சுமையில் ஒரு பகுதி நேராகக் கொக்கியின் மேலேயே உட்காரும். அதுவும் முன்பக்கத்தைத் தூக்கத்தான் பார்க்கும். 'டிரெய்லர் திரும்ப இடம் வேணும்' என்று டிராபாரைப் பின்னால் நீட்டினால், ஏற்றப் பலகையில் இன்னும் தள்ளி உட்கார்ந்த மாதிரி.

முன்சக்கரம் எழும்ப ஆரம்பித்து, இனி இறக்க முடியாது என்ற நிலையை எட்ட ஒரு நொடிகூட ஆகாது. ஒன்றரை நொடிக்குள் வண்டி முழுதாகப் பின்னால் கவிழ்ந்துவிடும். 'என்னடா இது' என்று யோசித்துக் கிளட்சில் கால் வைக்க அந்த நேரம் போதாது. பழைய வண்டிகளில் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டமும் பெரும்பாலும் இருக்காது. ஸ்டீயரிங்குக்கும் தரைக்கும் நடுவே மாட்டுவது ஓட்டுகிறவரின் நெஞ்சுதான்.

நூறு வருஷப் பிரச்னை

அமெரிக்காவில் 1917-ல் வந்த ஃபோர்ட்சன் டிராக்டருக்கு இதே கெட்ட பெயர் இருந்தது. கலப்பை பாறையிலோ வேரிலோ மாட்டினால் வண்டி அப்படியே பின்னால் புரளும். பிறகு வந்த ஃபோர்ட்சன்களில் கவிழ்வதைத் தடுக்கவென்றே பின்பக்க மட்கார்டை நீளமாக இழுத்துவிட்டார்கள்.

அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன் வேறு வழி யோசித்தார். கலப்பையைக் கயிறு கட்டியதுபோல் இழுக்காமல், கீழே இரண்டு லிங்க், மேலே ஒரு டாப் லிங்க் என்று வண்டியோடு ஒட்டிவிட்டார். கலப்பை மண்ணில் மாட்டினால் டாப் லிங்க் முன்னோக்கித் தள்ளி, டிராக்டரின் மூக்கைக் கீழே அழுத்தும். அவருடைய டிஇ20 டிராக்டர் 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் 5 லட்சத்துக்கும் மேல் தயாரானது. எட்மண்ட் ஹிலாரி குழு 1958 ஜனவரியில் தென் துருவத்துக்கு ஓட்டிப்போனதும் இந்தக் குட்டி வண்டிகளைத்தான். ஃபெர்குசன் நிறுவனம் மாஸே ஹாரிஸோடு சேர்ந்து மாஸே ஃபெர்குசன் ஆனது. 1960-ல் சென்னையில் டாஃபே தொடங்கியது அந்த நிறுவனத்தோடு கைகோத்துத்தான். நம்மூர்க் கொட்டகைகளில் இன்னும் உறுமுகிற 1035 அந்த வம்சம்.

இதில் ஒரு விஷயம் பலருக்கும் நழுவிப்போகிறது. டாப் லிங்க் தருகிற பாதுகாப்பு கலப்பைக்குத்தான். டிரெய்லரைக் கொக்கியில் மாட்டிய நிமிடமே வண்டி மறுபடி 1917-க்குப் போய்விடுகிறது. டாப் லிங்க் மாட்டும் இடத்திலேயே சங்கிலி போட்டு இழுப்பவர்களும் உண்டு. இருக்கிற வழிகளிலேயே மோசமானது அதுதான்.

கீழ் லிங்க் இரண்டுக்கும் குறுக்கே மாட்டுகிற, வரிசையாக ஓட்டை போட்ட பட்டையும் கவனிக்க வேண்டியது. இருபுறமும் அதைப் பிடித்து நிறுத்தும் தாங்கு கம்பிகள் இல்லையென்றால், ஹைட்ராலிக் லீவரில் கை பட்டதும் சுமையோடு சேர்ந்து பட்டையும் மேலே ஏறும்.

சரி, எப்படி பலப்படுத்துவது?

முதலில் உயரத்தை முடிவு செய்ய வேண்டும். கொக்கி பின் அச்சின் மட்டத்துக்குக் கீழேயே, கம்பெனி வைத்த உயரத்திலேயே இருக்கட்டும். டிரெய்லரின் மூக்கு உயரமாக இருந்தால் மாற்ற வேண்டியது டிரெய்லரை.

பட்டையைப் பொறுத்தவரை தடிமன் செய்கிற வேலை ஆச்சரியமானது. 12 மி.மீ. பட்டைக்குப் பதில் அதே அகலத்தில் 24 மி.மீ. ஒரே பட்டை போட்டால், மேலும் கீழும் வளைக்கும் சுமையைத் தாங்கும் பலம் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. ஆனால் இரண்டு 12 மி.மீ. பட்டைகளைச் சும்மா ஒன்றன் மேல் ஒன்று அடுக்கினால் ஏறக்குறைய இரண்டு மடங்குதான் கிடைக்கும், ஏனென்றால் இரண்டும் தனித்தனியாக வளையும். இரு ஓரமும் நீளவாக்கில் வெல்டு பிடித்து ஒன்றாக்கினால்தான் முழுப் பலன்.

ஒட்டுப் பட்டையின் முனையைச் சதுரமாக வெட்டி, குறுக்கே வெல்டு இழுப்பது எல்லாப் பட்டறையிலும் நடக்கிறது. விரிசல் அந்தக் குறுக்குக் கோட்டில்தான் பிறக்கும். முனையைச் சாய்வாக, கூராக வெட்டுவது நல்லது.

லாரி ஸ்பிரிங் பட்டை கிடைத்தால் விடமாட்டார்கள். 'எவ்வளவு ஸ்ட்ராங்!' என்று தோன்றும். அது ஸ்பிரிங்காக இருக்கும்வரை ஸ்ட்ராங். வெல்டு வைத்த இடத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி மாதிரி ஆகி, எச்சரிக்கையே இல்லாமல் உடையும். சாதாரண இரும்பு முதலில் வளைந்து காட்டிக்கொடுக்கும். அந்த நல்ல குணம் அதற்கு உண்டு.

வண்டியின் பின் உடம்பு வார்ப்பிரும்பு. அதன் மேல் நேரடியாக வெல்டு வைக்கவே கூடாது. சூடு ஆறும்போது பக்கத்திலேயே கீறல் விழும், உள்ளே ஆயில் சீலும் போகும். ஏற்கெனவே இருக்கும் போல்ட் துளைகளில் பிராக்கெட் வைத்து, தலையில் 8.8 என்று பொறித்த போல்ட்டால் முறுக்குவதே முறை. வண்டியில் வேறெங்கு வெல்டு வைத்தாலும் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுத்தான்.

பின்னுக்குப் பதில் கட்டடத்து முறுக்குக் கம்பியைச் செருகுகிற பழக்கம் பற்றிச் சொல்லவே வேண்டாம். சரியான பின், அது எகிறாமல் ஒரு கிளிப், கூடவே டிரெய்லரையும் டிராக்டரையும் இணைக்கும் ஒரு சங்கிலி. மூன்றும் சேர்த்துப் பெரிய செலவில்லை.

டிராபார் பலமாகிவிட்டது என்று சுமையைக் கூட்டினால், அடுத்த பலவீனமான இடம் எது? கிளட்ச், கியர் பாக்ஸ், கிரவுன் வீல். எல்லாமே பட்டையைவிடப் பல மடங்கு விலை. பிரேக் இன்னும் மோசம். பெரும்பாலான டிரெய்லர்களில் பிரேக்கே கிடையாது. இறக்கத்தில் மொத்தச் சுமையும் அந்தப் பழைய டிராக்டரின் இரண்டு டிரம்மைத்தான் தள்ளும். ரோட்டில் இறங்கும்போது இடது, வலது பிரேக் பெடல்களைக் கொண்டி போட்டு ஒன்றாக்க வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

முன்பக்கம் ஆள் உட்காருவது? கம்பெனி முன்னால் எடைக்கட்டி மாட்ட இடம் கொடுத்திருக்கிறது. அங்கே இரும்பு உட்காரட்டும், மனிதர் வேண்டாம். அதுவும் போதவில்லை என்றால் சுமை அதிகம் என்று அர்த்தம். இரண்டு நடையாக எடுக்க வேண்டியதுதான். ஆலை வாசலில் வரிசை நீளம், டீசல் விலை, கூலி எல்லாம் இருக்கிறது, உண்மை. ஆனாலும் வேறு வழியில்லை.

வேலை முடிந்ததும் டிராபாருக்குக் கறுப்பு பெயின்ட் அடிக்காமல் வெளிர் நிறமாக அடிக்கச் சொல்லுங்கள். விரிசல் விட்டால் அந்த இடத்தில் துருக்கோடு பளிச்சென்று தெரியும். முதல் நாள் பாதிச் சுமை. ஒரு மணி நேரம் ஓட்டியதும் நிறுத்தி, பின்னையும் போல்ட்டையும் தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்த நடை.